நிர்வாகச் செலவு

ஆறடி நீளக் காசோலை
வேனின் பின்கதவுக்குள் நுழையவில்லை.
வீரப்பெருமாள் அதைக் கூரைமேல் போட்டு
ரப்பர் கயிற்றால் இறுக்கினான்.
ஈப்போவிலிருந்து புக்கிட் செராயா வரைக்கும்
நாற்பத்தெட்டாயிரம் வெள்ளி
தலைக்குமேல் படபடத்துக்கொண்டே வந்தது.
சமிக்ஞை விளக்கில் நின்ற செம்பனை லாரிக்காரன்
எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"என்ன தம்பி, நாலு நம்பர் அடிச்சிருச்சா?"

நான் பொருளாளர்.
பகலில் ஆலை வாசலில் குலை எடைபோடும் கிராணி.
இரவில், பழைய தோட்ட டிஸ்பென்சரியில்
ஊர் சேர்ந்து நடத்தும் மூன்று டயாலிசிஸ் இயந்திரங்களுக்குக்
கணக்கு எழுதுகிறேன்.
இரண்டு வேலையிலும்
வந்ததைத்தான் எழுதுகிறேன்,
விளைந்ததை அல்ல.

அறக்கட்டளையின் படிவம் பதினேழு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
உங்கள் திட்டம் எத்தனை வாழ்க்கைகளை மாற்றும்?
அதன் கீழே, எறும்பளவு எழுத்தில்: எண் மட்டும்.
பதினொன்று என்று எழுதி அனுப்பினேன்.
ஒப்புதல் கடிதம் வந்த அன்று ஒன்பது.
சின்னக்கண்ணு அண்ணனும் மேரி டீச்சரும்
பரிசீலனை முடியும்வரை
பொறுக்கவில்லை.

பணம் இயந்திரத்துக்கு மட்டும்.
நான்காவது இயந்திரம்,
இன்னும் பிளாஸ்டிக் வாசனை போகாதது.
அதற்குள் ஓடவேண்டிய மின்சாரமும்
அதன் பக்கத்தில் நிற்கவேண்டிய சித்தி ரோஹானாவும்
நிர்வாகச் செலவு.
அந்தக் கட்டத்தின் கழுத்தகலம் பத்து விழுக்காடு.
"கொஞ்சம் தாஹான் அக்கா" என்று
பாதித் தமிழில் பேச்சுக் கொடுத்தபடியே
தெய்வானையின் கையில் நரம்பு தேடும் ரோஹானா
அந்தக் கழுத்தில் சிக்கி நிற்கிறாள்,
மூன்று மாதச் சம்பளப் பாக்கியோடு.

கோலாலம்பூரிலிருந்து அதிகாரி வந்தார்.
ஜஸ்லின். வயது இருபத்தாறு இருக்கும்.
வாசல் சேற்றில் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.
ஒவ்வொரு கட்டிலிலும் நின்றார், பெயர் கேட்டார்.
சம்பளத்தைச் சொன்னேன்.
வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர்
"எனக்கும் மேல ஒரு படிவம் இருக்கு சார்" என்றார்.
அவர்மேல் கோபப்பட
எனக்கு அதன்பிறகு வரவில்லை.

மாத முதல் சனிக்கிழமை
இரும்புக்கடை ஆ சோங் வருவார்.
செய்தித்தாளில் சுற்றிய முந்நூறு வெள்ளி.
"ரசீது?"
"கரண்ட் பில் கட்டு லா, கிராணி."
மோட்டார் சைக்கிளை அணைப்பதுகூட இல்லை.
கணக்கில் நான் 'நலம்விரும்பி' என்று எழுதுவேன்.
முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு நலம்விரும்பி.
தணிக்கையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"இது ஒரு ஆளா, ஒரு சங்கமா?"

காசோலையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கொஞ்சநாள் கழிவறைப் பக்கம் சாய்த்திருந்தோம்.
தெய்வானைதான் கேட்டாள்,
ஏர்கண்டிஷன் நேராக முகத்தில் அடிக்கிறது என்று.
இப்போது அது அவள் கட்டிலுக்கு மறைப்பு.
நாலு மணி நேரம்
இரத்தம் வெளியே போய்த் திரும்பும்வரை
மூன்று சைபரையும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.
நடுச் சைபருக்குள் யாரோ
பேனாவால் கண்ணும் வாயும் வரைந்திருக்கிறார்கள்.
யாரென்று நான் விசாரிக்கவில்லை.

இன்று இரண்டாம் தவணைக்கான அறிக்கை.
முதல் தவணை ரசீதுகள், இயந்திரத்தின் புகைப்படம்,
பயனாளிகள் எண்ணிக்கை: கூடியதா, குறைந்ததா?

மதியம்தான்
மூன்றாம் டிவிஷனிலிருந்து ஒரு பையன் வந்தான்.
பத்தொன்பது வயது. நெடுமாறன்.
அப்பா வெளியே நின்று
ஒரே சிகரெட்டைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்தார்.
ரோஹானா பையனின் இடது கையைத் தடவிப் பார்த்து
நல்ல நரம்பு என்றாள்.

கூடியது என்ற கட்டத்தில்
சரி போடவேண்டும்.
பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்
நான்காவது இயந்திரத்தின் உறையைக் கழற்றினேன்.
அடுத்த மாதக் கரண்ட் பில்
எண்ணூறைத் தாண்டும்.
இன்றைக்கு வெள்ளி.
நாளை ஆ சோங் வருகிற நாள்.